சத்தமில்லாமல் திருத்திய சொற்கள்

ஜூன் 3, 2025, மஞ்சக்குப்பம், கடலூர்

ஐந்து ஆண்டுகளாக மருத்துவத் துண்டறிக்கைகளை மொழிபெயர்க்கத் தந்துவந்த நிறுவனத்திடமிருந்து காலையில் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. இயந்திர மொழிபெயர்ப்பை இனி அவர்களே சரிபார்த்துக்கொள்வார்களாம். என் வருமானத்தில் முக்கால் பங்கு அந்த ஒரே இடத்திலிருந்து வந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 5

பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். சென்ற ஆண்டு முதல் அவர்கள் இயந்திரத்தின் வரைவை அனுப்பி, சொல்லுக்கு ஒன்றரை ரூபாயாக இருந்த கூலியை எழுபது காசாக்கினார்கள்; நானும் தலையாட்டினேன். அறுவைப் புண் பராமரிப்பு பற்றிய தாள் ஒன்றில், புண்ணில் 'டிஸ்சார்ஜ்' இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற வரியை இயந்திரம் 'காயத்திலிருந்து வீடு திரும்பினால்' என்று எழுதியிருந்தது. அதைச் 'சீழோ நீரோ கசிந்தால்' என்று மாற்றினேன். (வேறொரு தாளில் 'ஸ்டூல் டெஸ்ட்' என்ற மலப் பரிசோதனை, 'முக்காலிப் பரிசோதனை' ஆகியிருந்தது.) ஆனால் திருத்தங்களின் தடமே தெரியாதபடி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, சுத்தமான கோப்பாக அனுப்புவதைத்தான் நேர்த்தி என்று நினைத்திருந்தேன். தமிழ் படிக்கத் தெரியாத ஒருங்கிணைப்பாளருக்கு, இயந்திரமே நன்றாக எழுதிவிட்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஜூன் 9

மார்ச் 31 அன்று அனுப்பிய பில்லுக்கு எழுபது நாளாகியும் பணம் வரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அண்ணன், "சண்டை வேண்டாம் தம்பி, பிரிவு 15-ஐ மட்டும் ஒரு வரி எழுதுங்க" என்றார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, என்னைப்போல் உத்யம் என்ற சிறுதொழில் அரசுப் பதிவு வைத்திருப்பவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

ஜூன் 12

பத்து சதவீத வரிப் பிடித்தம் போக, பணம் வந்தது. வட்டியை நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20

புதுச்சேரியில் ஒரு சிறிய மருத்துவமனை, நீரிழிவுக் கால்புண் பற்றிய தாளை மாதிரிக்குக் கொடுத்திருந்தது. இம்முறை திருத்தங்கள் சிவப்பில் தெரியும்படியே விட்டு, ஐந்து இடங்களுக்கு மட்டும் காரணம் எழுதி அரைப் பக்கம் இணைத்தேன். மாலையில் அங்கிருந்து ஒரு அம்மா பேசினார். சீழ் என்று எழுதினால் நோயாளிக்குப் பயம் வராதா என்று கேட்டார். வரட்டும் அம்மா, அப்போதுதான் அன்றைக்கே வருவார் என்றேன். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய். மாதத்துக்கு இரண்டு தாள்தான்.