உப்புப் போடுவதற்கு முன் பெக்கோரினோவைச் சுவைத்துப் பாருங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவிலிருக்கும் பலெர்மோவுக்குப் புதிதாக வருகிற எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் விசாரிப்பது வேலை, வாடகை வீடு, அப்புறம் எங்கள் சாமான் விற்கிற கடை எங்கே என்பதைத்தான். கடையைக் காட்டிக் கொடுப்பேன். பல்லாரோ சந்தைப் பக்கம் போனால் இடியப்ப மா, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் வாங்கலாம், அந்தக் கவலை இப்போது இல்லை. ஆனால் அவர்களை அப்படியே திரும்ப விடமாட்டேன், பக்கத்தில் இருக்கிற சீஸ் கடைக்கும் கூட்டிக்கொண்டு போய் பெக்கோரினோ என்கிற செம்மறிப் பால் சீஸில் ஒரு துண்டு வெட்டுவித்துக் கையில் கொடுப்பேன். நிறையப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். செம்மறியின் வாடை அதில் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஊரில் சீஸ் என்றால் தகரத்தில் அடைத்து வந்த, பிள்ளைகளுக்குப் பாணில் வைத்துக் கொடுக்கிற மெத்தென்ற மஞ்சள் கட்டிதான் எங்களுக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கடித்தால் உப்பும் காரமுமாக நாக்கைப் பிடிக்கும், சிலர் துப்பியே விடுவார்கள்.

கடித்துத் தின்பதற்கு முன் அதைச் சமையலில் போட்டுப் பழகுங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

நான் இங்கே வந்து சேர்ந்தது ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டு வேலைக்கு. பலெர்மோத் தமிழர்களில் பெரும்பாலானோரின் கதை அதுதான், பெண்களும் ஆண்களும் வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கிற வேலை என்றுதான் தொடங்கினோம். சிஞ்ஞோராவின் குசினியில் கறிச்சரக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. உள்ளி, ஒலிவ எண்ணெய், காய்ந்த ஓரிகானோ, மிளகு, அப்புறம் துணியில் சுற்றிய ஒரு பெக்கோரினோத் துண்டு, அவ்வளவுதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படி ஒவ்வொரு நாளும் ருசியாகச் சமைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டிக்குள் உப்புப் போடுவதற்கு முன் அன்றைய சீஸில் ஒரு சீவல் எடுத்து வாயில் போடுவார். அதன் உப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கல்லுப்பில் கை வைப்பார். "ஃபிக்யா மியா, உப்பு இரண்டு இடத்திலிருந்து வரக்கூடாது" என்பார், என் பிள்ளை என்றுதான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது, சம்பலுக்கு நாங்கள் மாசிக்கருவாட்டை இடித்துப் போடுகிற வேலையை இங்கே இந்தச் சீஸ் செய்கிறது. உப்பு, மணம், அந்த அடிநாக்கில் நிற்கிற ருசி மூன்றும் ஒன்றாக வரும். மாசியைத் தனியே தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர் யார்?

பெக்கோரினோ என்று கடையில் கேட்டால் எது என்று திருப்பிக் கேட்பார்கள், அது செம்மறிப் பால் சீஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர். சிசிலியில் அதை வயதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். உப்பே படாத புதுக்கட்டி தூமா. முதல் உப்புக் கண்டது பிரிமோ சாலே, வெள்ளையாக மெத்தென்று இருக்கும், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். இரண்டாம் உப்புக் கண்டது செகொந்தோ சாலே. நான்கு மாதமாவது கிடந்து முற்றியதுதான் துருவுகிற சீஸ், வெளிப்பக்கம் முழுவதும் கூடைப் பின்னலின் தழும்பு இருக்கும், ஏனென்றால் தயிர்போல உறைந்த பாலைக் கூடையில் அழுத்தித்தான் வடிக்கிறார்கள். முழு மிளகைப் போட்டுச் செய்கிற பெப்பாத்தோ என்றொன்று உண்டு, எங்கள் ஆட்களுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுப்பது அதைத்தான். எதைக் கண்டும் பின்வாங்குகிறவர்கள்கூட மிளகு பல்லில் பட்டதும் இன்னொரு துண்டு கேட்பார்கள். சிசிலியின் நடுவிலுள்ள என்னா என்கிற ஊர்ப் பக்கத்தில் மிளகோடு குங்குமப்பூவும் சேர்த்து மஞ்சளாகச் செய்கிற ஒன்று இருக்கிறது, விலை கூட, விசேஷத்துக்கு வாங்கலாம்.

பெரிய கடைகளில் எங்கும் கிடைப்பது பெக்கோரினோ ரொமானோ. இருப்பதற்குள் உப்புக் கூடியது இதுதான். பெயர் ரோமுக்குச் சொந்தம், ஆனால் இன்று பெரும்பகுதி சார்டீனியாத் தீவிலிருந்து வருகிறது. 1884இல் ரோம் நகரசபை கடைகளுக்குள் சீஸுக்கு உப்புப் போடக்கூடாது என்று தடை போட்டதும் செய்கிறவர்கள் பலர் சார்டீனியாவுக்குப் போய்விட்டார்கள். இடம்பெயர்ந்து போன இடத்தில் பிழைத்துக்கொண்ட சீஸ் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பாசம். சாப்பாட்டு மேசைக்கு 5 மாதம், துருவுவதற்கு 8 மாதம் என்று குறைந்தது அவ்வளவு காலம் முற்றவைக்க வேண்டும். ஒரு வட்டம் 20 கிலோவுக்கு மேல் வரும்.

சரி, சமையலுக்கு வருவோம். கோடையில் பல்லாரோவில் கத்தை கத்தையாக ஒரு பச்சை இலை குவிந்து கிடக்கும், சுருள் சுருளான தந்துகளோடு, தொட்டால் பூனை மயிர்போல மெத்தென்று இருக்கும். தெனெரூமி என்று கூவி விற்பார்கள். பக்கத்திலேயே பாம்புபோல நீண்ட வெளிர்பச்சைக் காயும் கிடக்கும். வடிவாகப் பார்த்தால் அது எங்கள் சுரைக்காய், இலை அதன் கொழுந்து. எங்கள் வளவில் சுரைக்கொடி படர்ந்து கிடந்தும் நாங்கள் காயை மட்டும்தான் சமைத்தோம். இங்கே கொழுந்துக்குத்தான் மதிப்பு. முற்றிய தண்டையும் தந்துகளையும் கிள்ளிப் போட்டுவிட்டு இலையைக் கழுவி நறுக்கிக் கொதிநீரில் போட வேண்டும். இன்னொரு தாச்சியில் ஒலிவ எண்ணெய், நசுக்கிய உள்ளி, தோலுரித்த தக்காளி. இலை வெந்து வருகையில் ஸ்பகெத்தியை விரல் நீளத்துக்கு முறித்து அதே தண்ணீரில் போட்டு, வெந்ததும் தக்காளியோடு சேர்த்துச் சொதிபோலத் தளதளவென்று இறக்க வேண்டும். மேலே போடப் பலர் காச்சோகவால்லோ என்கிற பசும்பால் சீஸை வைத்திருப்பார்கள், சிஞ்ஞோராவுக்கு முற்றிய பெக்கோரினோதான். சூடு கொஞ்சம் அடங்கியபின் துருவிப் போட்டுக் கிண்டாமல் விடுவார், அங்கங்கே உருகி இலையோடு ஒட்டிக்கொள்ளும். நான் இதில் ஒரு செத்தல் மிளகாயை எண்ணெயில் பொரித்துச் சேர்ப்பேன், சிஞ்ஞோராவும் அதற்குப் பிறகு மிளகாய் இல்லாமல் சாப்பிடமாட்டேன் என்றார். முருங்கையிலைச் சொதி குடித்து வளர்ந்த யாருக்கும் இது பிடிக்காமல் போகாது.

ரோமாக்காரர்களின் காச்சோ எ பேப்பேயைப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பலர் செய்யப் பார்த்துக் கைவிடுகிறார்கள். பாஸ்தா, பெக்கோரினோ, மிளகு, வேறு ஒன்றும் இல்லை, வெண்ணெயும் இல்லை, கிறீமும் இல்லை. சீஸ் திரண்டு உருண்டையாகி ரப்பர்போலச் சட்டியில் ஒட்டிக்கொள்வதுதான் எல்லாரும் சொல்கிற குறை. காரணம் சூடு. ஏறக்குறைய 65 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், மாப்பசை நடுவில் இருந்தால் பிடிக்காது. இத்தாலிய இயற்பியல் ஆய்வாளர்கள் சிலர் 2025இல் இதைப் பற்றி ஒரு ஆய்வே வெளியிட்டார்கள். சீஸின் நிறையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாப்பொருள் இருந்தால் திரளாது என்பது அவர்கள் கண்டது. 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் கோர்ன்ஃப்ளவர் போதும்.

செய்முறையைச் சொல்கிறேன். கோர்ன்ஃப்ளவரை 40 மில்லி தண்ணீரில் கரைத்து மெல்லிய நெருப்பில் கூழாகும்வரை கிண்டி இறக்கி ஆறவிடுங்கள். அதற்குள் மிகப் பொடியாகத் துருவிய பெக்கோரினோவைப் போட்டுக் குழைத்தால் பசைபோல வரும், துருவலின் மணிகள் கண்ணில் படாதவரை கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். மிளகைத் தூளாக வாங்காதீர்கள், முழு மிளகை வெறும் தாச்சியில் மணம் எழும்பும்வரை வறுத்து உரலில் ஒன்றிரண்டாக உடையுங்கள். பாஸ்தா அவிக்கும் தண்ணீருக்கு இங்கே வழக்கம் லீற்றருக்கு 10 கிராம் உப்பு, இதற்குப் பாதிதான் போட வேண்டும். 240 கிராம் பாஸ்தாவை அவித்து மிளகோடு பிரட்டி, அடுப்பை அணைத்து, தாச்சியில் கை வைக்கிற அளவுக்குச் சூடு இறங்கியபின் சீஸ் பசையைச் சேர்த்து, அவித்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிரட்டுங்கள். பளபளவென்று பால்போல வழியும். இரண்டு பேருக்குக் காணும்.

இந்தச் சாப்பாட்டில் மிளகு இருக்கிறதே, அது எனக்குச் சின்னச் சந்தோஷமில்லை. முசிறித் துறையிலிருந்து யவனர் கப்பல்களில் மிளகு போனது பள்ளிக்கூடத்தில் படித்தது. ரோமில் டொமிஷியன் பேரரசன் காலத்தில் மிளகுக்கென்றே கட்டிய கிடங்கு ஒன்று இருந்தது, ஃபோரம் என்கிற பழைய ரோமின் பொதுச் சதுக்கத்துக்குப் பக்கத்தில். தங்கச்சி குடும்பத்தோடு ரோமுக்குப் போனபோது அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

கத்தரிக்காய் பிரியர்களுக்கு சிசிலியின் கத்தானியா நகரத்து நோர்மா பாஸ்தா இருக்கிறது. பொரித்த கத்தரிக்காய், தக்காளி, துளசிபோல மணக்கிற பசீலிக்கோ, மேலே ரிக்கொத்தா சலாத்தா. அதுவும் செம்மறிப் பாலின் மோரைக் காய்ச்சித் திரட்டி உப்பிட்டு அழுத்தியதுதான், வெள்ளையாக உதிரும், உருகாது. எங்கள் கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் நன்றாகப் பொருந்தும்.

விரதம் பிடிக்கிறவர்களும் சைவமாக இருக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. பெக்கோரினோ ரொமானோவிலும் சிசிலியப் பெக்கோரினோவிலும் பாலை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை. கந்தசஷ்டி நேரம் பால் சாமான்தானே என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். பொதியில் கால்யோ (உறை) என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள், கால்யோ வெஜெத்தாலே என்றிருந்தால் அது செடியிலிருந்து எடுத்த உறை. தொஸ்கானாவின் வொல்தேர்ரா பக்கம் காட்டுக் கூனைப்பூவால் உறையவைக்கிற பெக்கோரினோ இருக்கிறது. நல்ல சீஸ் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வாங்கும்போது துருவிப் பையில் அடைத்ததை வாங்காதீர்கள், மணம் போய்விடும். துண்டாக வாங்கி எண்ணெய்க் கடதாசியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரொமானோவின் தோல் சிலவேளை கறுப்பாகப் பூசியிருக்கும், அதைச் சீவிவிட வேண்டும்.

விலை கூட என்று முணுமுணுக்கிறவர்களிடம் நான் 2019 பெப்ரவரியைச் சொல்வேன். சார்டீனியாவில் மேய்ப்பர்கள் தெருவில் பாலைக் கொட்டினார்கள், லீற்றருக்கு 60 சதம்தான் கிடைக்கிறது, 1 யூரோ வேண்டும் என்று. நாங்கள் வன்னியில் மாடு வைத்திருந்த குடும்பம். விடியக்கறந்த பாலை ஒருவன் தன் கையால் மண்ணில் ஊற்றுவது என்றால் அவன் எந்த நிலைக்கு வந்திருப்பான் என்று எங்களுக்குத் தெரியும், அந்தச் செய்தியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதனால் மலிவு விற்பனையைத் தேடுவதில்லை, மலையிலிருந்து நேராகக் கொண்டுவந்து விற்கிறவர் சந்தையில் இருந்தால் அவரிடம்தான் வாங்குவேன்.

வீட்டில் பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களின் தட்டுக்குத் துருவலைக் கடைசியில் தனியாகப் போடுங்கள், சட்டிக்குள் கலந்தால் அளவு தெரியாது. அம்மாவுக்கு நான் அப்படித்தான் கொடுக்கிறேன், ஒரு தேக்கரண்டி, பாஸ்தாத் தண்ணீரில் உப்பே இல்லாமல். ருசி குறைவு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.