காத்தான் இருக்கிறானா?

"இருக்கிறான்" என்று சொன்னது நான்தான். மறுக்க வழியில்லை, பதிவு இருக்கிறது. வெள்ளவத்தையில் நடந்த வாசகர் கூட்டத்துக்கு வந்த யாரோ கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட, அது ஸ்கார்பரோ வரைக்கும் போய், அங்கேயிருக்கிற என் மச்சான் நடுச்சாமத்தில் குரல்பதிவு அனுப்பினான்: "அப்ப காத்தான் சாகேல்லையோ?" நான் எழுதுகிற ஃபான்டசித் தொடரின் நான்காம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் காத்தானின் உடலைக் கண்டெடுக்கிறார்கள் என்பது மச்சானுக்குத் தெரியாது. அந்த அத்தியாயம் கூட்டத்துக்கு முன்பே எழுதி முடிந்து, பதிப்பாளரின் மின்னஞ்சலில் கிடந்தது என்பதும் தெரியாது. பதிப்பாளருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் முன்வரிசையில்தான் இருந்தார்.

தொடரை வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். தணல்காவிகள் என்று ஒரு கூட்டம். துறைமுகத்திலிருந்து மலை நகரத்துக்கு அணையாத தணலைச் சட்டியில் சுமந்துபோவது அவர்கள் வேலை. காத்தான் அவர்களில் மூத்தவன். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் எரிகிற கணவாய்க்குள் போகிறான், புகை மூடுகிறது, அத்துடன் பாகம் முடிகிறது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் இந்த வேலையில் ஒரு பங்கு என்று தொடங்கும்போது நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் இலக்கியக் கூட்டங்களில் எழும்பி நிற்பவர்கள் வழக்கமாகக் கேள்வி கேட்பதில்லை, உரை நிகழ்த்துவார்கள். ஃபான்டசித் தொடருக்கு வருகிறவர்கள் அப்படியில்லை, குறிப்பு எழுதிக்கொண்டு வருகிறார்கள். முதலாம் பாகத்தில் துறையிலிருந்து கணவாய்க்கு ஆறு நாள் நடை, இரண்டாம் பாகத்தில் நாலே நாளில் போய்விட்டார்களே, அது எப்படி? அரசியின் தம்பிக்கு இடது கண்ணா வலது கண்ணா போனது? ஒரு பையன் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் பதினொரு நாட்களே இருக்கின்றன, இரண்டிலும் முழுநிலவு வருகிறதே என்று கேட்டான். மாதாமாதம் போயாவுக்குக் கடையடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு பௌர்ணமியைப் பிழையாக எழுதிவிட்டுத் தப்ப ஏலாது. இதெல்லாம் எனக்குப் பிடித்த கேள்விகள். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துத் திருத்திவைத்தால் சரி. மூன்றாம் பாகம் ஏன் இவ்வளவு பிந்தியது என்ற கேள்விக்கும் பதில் சுலபம். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தாள் தட்டுப்பாட்டினால் ஒத்திவைத்தார்கள், என் அரசிக்கும் அவளுடைய தம்பிக்கும் யார் தாள் தருவது?

அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்கும் ஒரு தயார்ப் பதில் வைத்திருந்தேன்: "வாசிச்சுப் பாருங்கோ." சொந்தச் சரக்கில்லை. அமெரிக்க ஃபான்டசி எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் தன் வாசகர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1993இல் வந்த அவருடைய ஐந்தாம் பாகத்தில் ஒருவன் கொல்லப்படுகிறான், கொன்றது யார் என்று காட்டவில்லை. வாசகர்கள் கேட்டார்கள், வருடக்கணக்காகக் கேட்டார்கள், மனுசன் மசியவில்லை. 2007இல் அவர் இறந்துபோனார், தொடர் முடியவில்லை. அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதிய பாகங்களில் ஒன்று 2010இல் வந்தபோது, கொலைகாரியின் பெயர் பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ஒரு குறிப்பாக இருந்தது. பதினேழு வருடக் கேள்விக்குப் பதில் சொற்பட்டியலில்! அந்த மாதிரி நெஞ்சழுத்தம் எனக்கும் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

கேட்டது ஓர் இளம்பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்று சொந்த இடமாம், காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. மூன்று பாகத்தையும் நூலகத்தில் எடுத்து வாசித்ததாகச் சொன்னாள். ஒலிவாங்கியைச் சரியாகப் பிடிக்கவில்லை, முதல் பாதி கேட்கவில்லை, யாரோ கிட்டப் பிடிக்கச் சொன்னார்கள்.

"சேர், காத்தான் செத்துட்டாரா? எங்க மாதிரி பேசுற ஆளு இந்தக் கதையில அவர் மட்டுந்தான். அதான் கேக்குறேன்."

நான் "இருக்கிறான்" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. எனக்கும் சந்தோசமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் சொன்னேன் என்பதற்கு இதற்குள் பல விளக்கங்கள் வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒன்றுதான் சரியாகப் படுகிறது. ஒன்று, சொன்ன அந்த நேரத்தில் எனக்குள் கதை மாறிவிட்டது. எழுதுகிறவனுக்கு அப்படி நடக்கும், வாய் முந்திக்கொள்ளும், பேனா பின்னால் வரும். இன்னொன்று, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது எனக்குப் பிடிக்காதது: "எங்க மாதிரி பேசுற ஆளு" என்று அவள் சொன்னதும் மண்டபத்தில் ஒரு சின்ன அமைதி விழுந்தது, அந்த அமைதிக்குள் நிற்க எனக்கு இஷ்டமில்லை. பதிலைச் சொல்லி அதைக் கடந்தேன். "வாசிச்சுப் பாருங்கோ" என்று அவளிடமும் சொல்லியிருக்கலாம்தானே, நிலவைப் பற்றிக் கேட்ட பையனுக்கு அடுத்த கேள்வியில் அதைத்தான் சொன்னேன்.

எழுத்தாளன் மேடையில் சொன்னது கதையைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்பதுதான் என் கட்சி. அச்சில் வந்ததுதான் கதை. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதி முடித்த பிறகும், பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன ஆனது என்று வாசகர்கள் விடாததால் முடிவுரையில் வரிசையாகப் பதில் சொன்னார். ஆனால் கதை முடிந்தபிறகு சொன்னார். அந்த முடிவுரை கதையில் சேருமா சேராதா என்று இரண்டு தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள், மூன்று பதில் வரும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர் திட்டமாகச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம், சொல்லியிருந்தால் பேசுவோமா? பார்த்தீர்களா, எனக்குச் சாதகமாக எடுத்த உதாரணமே எனக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது.

சரி, மாற்றிவிடலாம் என்றால் அது ஒரு அத்தியாயத்தோடு போகிற காரியமில்லை. நான்காம் பாகமே காத்தானின் சாவில்தான் ஓடுகிறது. அரசி தன் கட்டளையால் போனவன் என்று குற்ற உணர்வில் கோட்டைக் கதவைத் திறக்கிறாள்; திறந்ததால்தான் போர். அவன் உயிரோடு வந்து நின்றால் அவளுக்கு என்ன குற்ற உணர்வு, எதற்குக் கதவு, எங்கே போர்? அத்துடன் முதல் பாகத்திலேயே நான் போட்ட விதி ஒன்று: நெருப்புக்குள் போனவர் திரும்பார். மந்திரம் இருக்கிற உலகத்தில் இப்படி ஒரு வேலி இல்லாவிட்டால் யார் செத்தாலும் வாசகர் பயப்படமாட்டார்கள். இதை ஒரு நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் நுவரெலியாப் பக்கம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கேட்டுவிட்டு, "எங்க காமன் கூத்துல எரிச்ச காமனையே எழுப்பிடுவோமே" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். விதியைப் போட்டது நான், அந்த விதிக்குள் நிற்கிற சனத்துக்கு வேறு விதி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்பது அதற்குப் பிறகு கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் விதி விதிதான். ஆட்டத்தின் நடுவில் மாற்றினால் நிலவைக் கணக்குப் பார்க்கிற பையன் என்னை விடமாட்டான்.

இவ்வளவும் காத்தான் உயிரோடா இல்லையா என்ற கேள்வியைச் சுற்றி. அது அவளுடைய கேள்வியில் பாதிதான் என்பது பிறகு தெரிந்தது.

கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் வந்து சொன்னார்: "தம்பி, நீங்கள் பதில் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இன்னொண்டும் கேட்டவா. மைக்கை வாங்கிட்டாங்கள், கைதட்டலில உங்களுக்குக் கேட்டிருக்காது. அப்ப அவர் பேர்ல ஒரு அத்தியாயம் வருமா எண்டு கேட்டவா."

என் தொடரில் அத்தியாயத் தலைப்பு ஆளின் பெயர்தான். யார் பெயரோ அவர் கண்ணால் கதை நகரும். அரசி, அவளுடைய தம்பி, தளபதி, தளபதியின் மகள். மூன்று பாகத்தில் காத்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகிறான், பேசுகிறான், பாடுகிறான், பகிடி விடுகிறான், நிறைய வாசகர்களுக்குப் பிடித்த ஆள் அவன்தான். அவன் பெயரில் ஓர் அத்தியாயமும் இல்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை, மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இது திட்டமிட்ட கட்டமைப்பு. கணவாயின் ரகசியம் காத்தானுக்கு முதல் பாகத்திலேயே தெரியும். அவன் தலைக்குள் போனால் கதை அங்கேயே உடைந்துவிடும். அதனால் வெளியே நிறுத்தினேன். இந்த விளக்கத்தை யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தளபதிக்கும் ஒரு ரகசியம் தெரியும், அவனுடைய அத்தியாயங்களில் அதை மறைத்து எழுத எனக்கு வழி கிடைத்ததே.

காத்தானின் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில், நான் சின்னவனாக இருந்தபோது, மலைத் தோட்டப் பக்கம் பொகவந்தலாவையிலிருந்து வந்து சமையலுக்கு நின்ற ஒருவருடைய பேச்சு அது. அவருடைய சொல், அவருடைய இழுவை, அவர் பாடின பாட்டு எல்லாம் எனக்குப் பாடம். அவர் எங்கள் குசினிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.

தணல்காவிகள், இந்தியாவிலிருந்து தோட்டவேலைக்குக் கூட்டிவரப்பட்ட மலையக மக்கள்தான், துறையிலிருந்து காட்டுக்குள்ளால் மலைக்கு நடக்கிற அந்தப் பாதை மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த பாதைதான் என்று மூன்றாம் பாகம் வந்தபோது ஒருவர் விமர்சனம் எழுதினார். 2023இல், மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதையும் குறிப்பிட்டிருந்தார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இது கற்பனை உலகம், இதற்கு நானே கோடு போட்டு வரைந்த படம் இருக்கிறது. அது உண்மைதான். கோப்பித் தோட்டத்துக்கென்று கூட்டிவரப்பட்டு வழியில் செத்தவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலும் பிறகும் வாசித்ததும் உண்மைதான். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்து ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தது, இதையெல்லாம் என் கதையில் எங்கேயும் நான் எழுதவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தில் இரண்டு அரசர்கள் தணல்காவிகளை எண்ணிப் பிரிக்கிற காட்சி ஒன்று வருகிறது. அது எப்படி வந்தது என்று என்னையே கேட்டால், வாசிச்சுப் பாருங்கோ என்றுதான் சொல்லவேண்டும்.

இப்போது மேசையில் இருப்பது இதுதான். காத்தான் கணவாய்க்குள் போவதற்கு முதல்நாள் இரவை அவன் பெயரில் ஓர் அத்தியாயமாக எழுதலாம். அப்போது உடலும் கிடைக்கும், அரசி கதவையும் திறப்பாள், விதியும் உடையாது, அந்தப் பிள்ளையின் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் ஆயிற்று. முதலாவதுக்கு நான் சொன்னது பொய்யாகும். அல்லது உடல் வேறு ஒருவருடையது என்று வைத்து அவனைக் காப்பாற்றலாம்; மலிவான தந்திரம், ஆனால் சொன்ன வாக்கு நிற்கும். சில நாட்களில் முதலாவது வழிதான் நேர்மை என்று படும். வேறு சில நாட்களில், மூன்று பாகம் வெளியே நிறுத்திவிட்டுச் சாகப்போகும்போது மட்டும் உள்ளே கூப்பிட்டு என்ன நினைக்கிறாய் என்று கேட்பது நேர்மையா என்று படும்.

எழுதத் தொடங்கிவிட்டேன். வருகிறது. எனக்குத் தெரிந்த பேச்சு என்பதால் சுலபமாகவே வருகிறது, அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. அவன் பேசும்போது வருகிற தமிழ் அவன் நினைக்கும்போது வரமாட்டேன் என்கிறது, அரசியின் தமிழில் நினைக்கிறான். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

பதிப்பாளருக்கு இந்தத் தத்துவம் எதுவும் தேவையில்லை, செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு முதல் அவருக்குப் புத்தகம் வேண்டும். போன கிழமை தொலைபேசியில் அவரிடம் ஒரு சிக்கலைச் சொன்னேன்: காத்தான் என்று தலைப்பு வந்தால் உள்ளே போகமுன்னமே பொருளடக்கத்தில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள், ஆள் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"அப்ப பொருளடக்கத்தைத் தூக்குவம்" என்றார்.

அறுநூறு பக்கப் புத்தகத்துக்குப் பொருளடக்கம் இல்லையென்றால் வாசகர்கள் திட்டுவார்கள் என்றேன்.

"ஐசே, அவங்கள் திட்டட்டும். நீர் முதல்ல ஆளை என்ன செய்யப்போறீர் எண்டு சொல்லும்."

பொருளடக்கத்தைத் தூக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.