பின் சக்கரத்துக் காற்று

ஜூலை 8, 2024. திங்கள்

இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. இன்றைக்கு 1/25. மனைவியும் நானும் ஆட்டோவில் போனோம். அண்ணா சிலை வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் நல்ல மனிதர். ஓரங்கட்டி, ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உள்ளே கரண்ட் வைத்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. போகவர, காத்திருக்க என்று அரை நாள் போய்விட்டது.

ஜூலை 9, செவ்வாய்

2/25. "ஆட்டோ வேணாங்க. நம்ம வண்டியிலயே போயிருவோம்."

இருபத்து நான்கு வருஷமாக என் பின்னால் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். வலது கை என் தோளில், இடது கை பின் கம்பியில். இப்போது இடது கையை அந்தப் பக்கம் நீட்ட முடியாது. பாப்பா விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை எனக்கும் அவளுக்கும் நடுவில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

மாம்பழச்சாலையிலிருந்து காவிரிப் பாலம் ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது என் தோளில் அவள் விரல் இறுகியது. இணைப்பு வரும், விரல் இறுகும், விடும். அடுத்தது வரும். 1976-இல் திறந்த பாலம். 2022 கடைசியில் மூடி, இணைப்புகளை மாற்றி, 2023 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள். முன்னைக்கு எவ்வளவோ தேவலாம் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் தெரிந்தது, அத்தனையும் அங்கேயேதான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பாலத்துலதாங்க. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றாள். எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்தாளாம். நானும் எண்ணினேன். இரண்டு பேர் கணக்கும் ஒத்துவரவில்லை.

ஜூலை 10, புதன்

3/25. ராத்திரி அவள் தூங்கிய பிறகு போர்ட்டிகோ லைட்டைப் போட்டு வண்டியைப் பார்த்தேன். 2006 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 97.2 சிசி. பாப்பா எல்கேஜி சேர்ந்த வருஷம் எடுத்தது. 2021-இல் ஆர்சி புதுப்பித்தபோது இஞ்சினைக் கேட்டுவிட்டு, "வண்டி நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார் ஆய்வாளர். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பின் சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டேன். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும். இது மூன்று தடவை ஆடியது. குனிந்து பார்த்தால் இடது ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி அப்பி, கறுப்புக் களிம்பாக இருக்கிறது. எத்தனை மாதமாக இப்படியோ. முன் சீட்டில் உட்காருகிறவனுக்கு இது தெரியாது. பின்னால் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

5/25. பாத்ரூமில் ரொம்ப நேரம் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 13, சனி

இன்றைக்கும் நாளைக்கும் கரண்ட் இல்லை. காலையில் பாய் கடைக்குப் போய் ஷாக் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். கசிந்தது ஒன்றுதான், ஆனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பாய் தானே வந்து மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் பாய், நானே செய்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேல் நட்டுக்குப் புது வாஷர் நான்கு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒரு பக்கம் கழற்றி மாட்டின பிறகே மறு பக்கத்தைத் தொட்டேன். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே தொங்கிவிடும், திரும்பத் தூக்கி நிறுத்த இன்னொரு ஆள் வேண்டும். மேல் நட்டு சுலபமாக வந்தது. கீழ் போல்ட் வரவில்லை. பதினெட்டு வருஷத்துத் துரு. மண்ணெண்ணெய் விட்டு, காபி குடித்துவிட்டு வந்து, 14 ரிங் ஸ்பானர் மேல் பைப்பைச் செருகி மெதுவாக எடை கொடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் முறிந்ததோ என்று வயிற்றைப் பிசைந்தது. இல்லை, விட்டுக்கொடுத்த சத்தம்.

ஸ்பிரிங் அடியில் இருக்கும் வளையத்தை இருப்பதிலேயே மெதுவான பள்ளத்தில் திருப்பி வைத்தேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கை கழுவிட்டு வாங்க, தோசை ஆறுது" என்றாள். தோசை அவள் சுட்டிருக்கிறாள். ஒற்றைக் கையால்.

ஜூலை 14, ஞாயிறு

செயின் கவரில் ஒட்டியிருக்கும் தாளில் காற்றழுத்தம் முன் டயருக்கு 25, பின் டயருக்கு ஒரு ஆள் என்றால் 28, இரண்டு ஆள் என்றால் அதற்கு மேலே என்று போட்டிருக்கிறது. எப்போதும் பின்னால் 40 வைப்பேன். 40 என்றால் டயர் கல் மாதிரி. அதிர்ச்சி முழுக்க மேலே ஏறும். அவள் எடை இப்போது 47. மே மாதம் 56.

இறக்கினேன். 32. பிறகு 28. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம். 24.

ஜூலை 15, திங்கள்

6/25. பாலத்தில் ஒரே ஒரு தடவைதான் விரல் இறுகியது. ஒரே ஒரு தடவை. இறங்கினதும் "இன்னிக்கு ரோடு போட்டுட்டாங்களா என்ன" என்று கேட்டாள். எனக்குப் பேச வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மொகரம் லீவு, கரண்ட் இல்லை. ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது, இனி முடிவது ஆகஸ்ட் 12. காலண்டரில் வட்டம் போட்டிருந்ததை அழித்துத் திரும்பப் போட்டாள்.

செயின் பார்த்தேன். கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் ஆட வேண்டும். ஓர் இடத்தில் ஓர் அங்குலம், சக்கரத்தைச் சுற்றி இன்னோர் இடத்தில் பார்த்தால் அரையே. செயின் ஒரே சீராகத் தேயவில்லை. இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், தொங்கும் இடத்தை வைத்து இழுத்துவிட்டால் பேரிங் போய்விடும். இரண்டு பக்கமும் கோடு எண்ணி வைத்தேன். 90 கியர் ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கண்ணி கண்ணியாக விட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

9/25. அக்குளுக்குக் கீழே தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். எதுவும் தடவக் கூடாதாம், சோப்பும் கூடாதாம். மார்க்கரில் போட்ட கோடு அழியக் கூடாதாம்.

ஜூலை 22, திங்கள்

10/25. ஆக்சிலேட்டரை விடும்போதும் பிடிக்கும்போதும் பின்னால் ஒரு வெட்டு. சிக்னலில் நின்று கிளம்பும்போது அவள் நெற்றி என் முதுகில் முட்டுகிறது. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டைகள் நான்கும் தேய்ந்து, கையில் எடுத்தால் பழைய புளி மாதிரி உதிர்கின்றன. செயினின் இழுப்பை வாங்கிக்கொள்வதே அவைதான். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. இதை ஏன் முன்பே பார்க்கவில்லை?

ஜூலை 24, புதன்

12/25.

பாலத்தில் பஞ்சர்.

அந்தப் பக்கம் இறங்கும் இடத்தில் சின்னப் பள்ளம். ஒரு பஸ் ஒதுக்கியதால் விலக முடியவில்லை. பின் சக்கரம் விழுந்தது, இரும்பு இரும்பில் பட்ட மாதிரி ஓர் அடி. அடுத்த பத்து அடிக்குள் வண்டி வாலை ஆட்ட ஆரம்பித்தது. பிரேக் பிடிக்காமல், காலை ஊன்றி, ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்துவிட்டாள். அந்தக் கையால். அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

வெயில். குடையை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளினேன். பக்கத்தில் நடந்து வந்தாள். "அவசரப்படாதீங்க, காத்திருப்பாங்க" என்று அவள் எனக்குச் சொல்கிறாள். ஓர் ஆட்டோக்காரத் தம்பி தானாக நிறுத்தி, "அக்காவ நான் விட்டுர்றேன், நீங்க பின்னால வாங்க" என்றார். காசு வேண்டாம் என்று போய்விட்டார். நேரம் தாண்டியும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தொட்டியில் அமுக்கினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கொத்தின மாதிரி. ஆணி இல்லை, முள் இல்லை. ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. "காத்து எவ்வளவு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டு பேரு போற வண்டிக்கு இருபத்து நாலா? ரிம்மு வளையாம இருந்துச்சே, அதச் சொல்லுங்க" என்றார்.

நான் செய்தது. அவளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றை இறக்கியது நான்தான். பாலத்தின் நடுவில், பக்கத்தில் பஸ் வரும்போது ட்யூப் போயிருந்தால்? திரும்பத் திரும்ப அந்தப் பத்து அடிதான் கண்ணில் வருகிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் தூங்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

13/25. புது ட்யூப். பின்னால் 40. பாலத்தில் விரல் மறுபடி ஒவ்வொன்றுக்கும் இறுகியது, ஆனால் முன்னைப்போல் இல்லை. ஷாக்கும் ரப்பர் கட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. மீதிக்கு வேகம்தான். 20-க்கு மேல் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

ஜூலை 26, வெள்ளி

14/25. பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சில் ஒரு சின்ன மெத்தை தைத்தாள் அக்கா. அது சீட்டில் வழுக்குகிறது. நான்கு மூலையிலும் நாடா வைத்துக் கட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

விடிகாலை நான்கு மணி. தூக்கம் வரவில்லை. இஞ்சின் நன்றாக ஆறியிருந்தது, டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்ப்பதற்கு இதுதான் நேரம். சூட்டில் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

இடது பக்கக் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் எடுத்து, பாக்ஸ் ஸ்பானரால் இஞ்சினை மெதுவாகச் சுற்றி, காந்தத்தில் இருக்கும் 'டி' கோட்டை அடையாளத்துக்கு நேராகக் கொண்டுவந்தேன். இரண்டு ராக்கரும் கையில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் அது வேறு சுற்று, இன்னொரு முழுச் சுற்று வர வேண்டும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அளவுத் தகட்டை நுழைத்தேன். இன்லெட் சரி. எக்ஸாஸ்ட் இறுக்கம், தகடு நுழையவே இல்லை. லாக் நட்டைத் தளர்த்தி, சதுரத் தலையை ஒரு மயிரிழை திருப்பி, திரும்ப நுழைத்தேன். புத்தகத்துக்குள் மாட்டிய தாளை இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டே வருமே, அப்படி வந்தது. ஆனால் நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். நான்கு தடவை செய்தேன். ஐந்தாவது தடவை நின்றது.

விடிந்ததும் ஒரே கிக்கில் எடுத்தது. ஐடிலில் கடிகாரம் போல் ஓடியது. அவள் உள்ளேயிருந்து, "என்னங்க பண்ணீங்க, சத்தமே வேற மாதிரி இருக்கு" என்றாள்.

மேட்டூர் திறக்கிறார்களாம். இந்த வருஷம் ஜூன் 12-இல் திறக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

16/25. சாப்பிடவில்லை. மேட்டூர் 120 அடி என்று டிவியில் சொன்னதற்கு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

18/25. மூன்று வாரமாக இந்தப் பாலத்தில் மணலையும் நாணலையும்தான் பார்த்துக்கொண்டு போனோம். இன்றைக்குப் பாலத்துக்கடியில் தண்ணீர். செம்மண் கலங்கல், நுரை, சுழி. புதுப் பாலத்துக்கு வேலை நடக்கும் பக்கமெல்லாம் தண்ணீர். கொள்ளிடத்தில் இதைவிடப் பயங்கரமாகப் போகிறதாம்.

"நிறுத்துங்களேன்."

நிறுத்தக் கூடாத இடம். நிறுத்தினேன். இறங்கவில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது, வண்டியும் அதிர்ந்தது, அவள் விரல் என் தோளில் வெறுமனே கிடந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். கிளம்பினோம். எண்ண மறந்துவிட்டேன் என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் போகவே முடியாத கூட்டம். அக்கா வீட்டிலேயே சித்ரான்னம் செய்தாள். எலுமிச்சை சாதம் மட்டும் இரண்டு வாய். மஞ்சள் சரடை நான்தான் கட்டிவிட்டேன். முடிச்சு பின் கழுத்தில் பட்டால் எரிகிறது என்று கொஞ்சம் நீளமாக விட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

போனோம். வைக்கவில்லை. தோல் உரிந்து நீர் கசிகிறது, ஆறட்டும், இரண்டு மூன்று நாள் போகட்டும் என்றார் டாக்டர். 19-லேயே நிற்கிறது. திரும்பி வரும்போது பாலத்தில் ஒன்றும் பேசவில்லை. காலண்டரைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்டியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆயில் மாற்றினேன். மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய ஆயில் தேன் நிறத்திலேயே இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

பாப்பா ஓசூரிலிருந்து ராத்திரி வண்டி ஏறுகிறாள். "கார் புக் பண்ணுங்கப்பா, நான் காசு போடறேன்" என்று மறுபடியும். போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவள், "காரு வேணாம்டி. அப்பா தோள் இருந்தாத்தான் எனக்குப் பாலம் தாண்டுது" என்றாள். நான் வெளியே போய் வண்டியைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாளைக் காலை எட்டரைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. வைக்கலாமா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். பிரேக் லைட் எரிகிறது. செயின் சரி. மெத்தையின் நாடாவில் ஒன்று நைந்திருந்தது, மாற்றிவிட்டேன். முன்னால் 25. பின்னால் 40, இரண்டு தடவை பார்த்தேன்.