பிரஷ் என்ன கலர்?

"என் பிரஷ் என்ன கலர் சொல்லு?"

"நீலம்."

"பச்சைம்மா."

போய்ப் பார்த்தால், நீலம் என்னுடையது.

நாளை காலை நெவார்க்கில் கிரீன் கார்டு நேர்காணல். நிஜக் கல்யாணம்தானா என்று பார்க்க இப்படியும் கேட்பார்களாம். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். கணவன் மனைவி என்று காட்டிப் போட்ட ஐ-130 மனுவின் நகல், இரண்டு பேர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கல்யாணப் படங்கள். தாலி கட்டும் படத்தில் அவர் முகத்தை மாமாவின் கை மறைக்கிறது. அதைத்தான் முதலில் வைத்திருக்கிறார், மனுஷன்!

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. அதனால் கிடைத்தாலும் 2 வருஷக் கார்டுதான். அப்புறம் ஐ-751 என்று இன்னொரு மனு போட்டு, இன்னும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று மறுபடி காட்ட வேண்டும்.

ஊரில் முந்நூறு பேர் அட்சதை போட்டார்கள். இங்கே கரண்ட் பில்தான் சாட்சி.

படுக்கும் முன் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். பச்சைதான்.