நாப்போலி நாட்குறிப்பு

செப்டம்பர் 12
பலெர்மோவிலிருந்து இரவுக் கப்பலில் நாப்போலிக்கு (நேப்பிள்ஸ்) வந்து இறங்கினோம். தம்பி தூங்கினான். எனக்குக் கண் மூடவில்லை.

செப்டம்பர் 14
பரிசோதனைக்காகத் தம்பிக்கு இரத்தம் எடுத்தார்கள். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, தா மிக்கேலே இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

செப்டம்பர் 15
அவனை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். 1870இல் தொடங்கிய பீட்சாக் கடை, 1930 முதல் இதே செர்சாலே தெருவில் இருக்கிறது. வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு தெருவிலேயே நிற்க வேண்டும். உள்ளே பளிங்கு மேசைகள்; முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவு நெருக்கம். யாராவது இருமினால்?

செப்டம்பர் 16
பெட்டியில் வாங்கி வரலாம் என்றேன். முகம் திருப்பிக்கொண்டான். அவன் சொல்வதும் சரிதான். விறகடுப்பின் கடும் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி வழியும் பீட்சா அது. பெட்டிக்குள் போனால் தன் ஆவியிலேயே நைந்துவிடும். அறைக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். ஆனால் அந்தக் கூட்டம்! முகக்கவசத்தைக் கழற்றாமல் எப்படிச் சாப்பிடுவது? இரவு முழுவதும் இதே யோசனை. பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அன்னைக்கு அங்குள்ள மலையில் நான் வைத்த நேர்த்தியை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17
பரிசோதனை முடிவு வரவில்லை.

செப்டம்பர் 19
நாப்போலியின் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் திருநாள். பேராலயத்தில் வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தார்கள். குப்பியில் உறைந்திருக்கும் புனிதரின் இரத்தம் இளகிவிட்டதாம். பக்கத்தில் நின்ற மூதாட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வேண்டியது வேறு இரத்தத்தின் செய்தி.

செப்டம்பர் 20
இன்றும் இல்லை.

செப்டம்பர் 22
மருத்துவர் சிரித்தார்! கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள், சுடச்சுடச் சாப்பிடுங்கள் என்றார். தம்பி இப்போதே மார்கரீத்தாவா மரினாராவா என்று தொடங்கிவிட்டான். மரினாராவில் பாலாடைக்கட்டி கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். வயிற்றுக்கு அதுதான் நல்லது என்கிறேன். இரண்டும் வேண்டுமாம். வாங்கிக் கொடுப்பேன்.

செப்டம்பர் 23
கடை திறக்கும் முன்பே வந்தும் எங்களுக்கு முன்னால் சனம். கையில் 31. இப்போதுதான் 12ஐக் கூப்பிட்டார்கள். தம்பி சுவரில் சாய்ந்து நிற்கிறான், உதடு வெளுத்திருக்கிறது. ஒரு நாற்காலி கேட்டுப் பார்க்கிறேன்.