மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்

9 ஜூன் 2024, ஞாயிறு. செங்கோட்டை

ஓய்வுக்கு இன்னும் 83 நாள். எண்ணுவது நானில்லை, வீட்டுக்காரி. அடுப்படி காலண்டரில் ஆகஸ்ட் 31-ஐச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து ஒரு அட்டவணை அனுப்பினாள். ஐந்து முதல் ஆறு நடை, ஆறு முதல் ஏழு மூச்சுப் பயிற்சி என்று ராத்திரி வரைக்கும் கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டத்துக்கு 'பொழுதுபோக்கு (1)' என்று தலைப்பு. அந்த ஒன்றை நான் நிரப்ப வேண்டுமாம். "எதையாவது ஒண்ணைப் புடிச்சு உருப்படியா கத்துக்கோங்கப்பா. பத்தையும் தொட்டுட்டு விடுறீங்க" என்றாள்.

தப்பாகச் சொல்லவில்லை. இன்றைய நிலவரத்துக்கு திண்ணையில் ஒரு புல்புல்தாரா வாத்தியம், ஒரு கேரம் போர்டு, மலையாள அரிச்சுவடி, படம் வரையும் நோட்டு, 8×40 பைனாகுலர், ரெண்டு பேண்ட் ரேடியோ. வாசலில் மிளகுத் தொட்டி ஆறு. எதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை.

சாரல் இன்னும் சரியாக இறங்கவில்லை. காற்று மட்டும் ஆரியங்காவு கணவாய் வழியே விசிலடித்துக்கொண்டு வருகிறது.

16 ஜூன், ஞாயிறு

மிளகு விஷயத்தில் குட்டு வெளிப்பட்டது. இரண்டு வருஷமாகத் தொட்டியில் வளர்க்கிறேன், கொடி ஓடுகிறதே தவிர ஒரு சரம் பிடிக்கவில்லை. ஜன்னல் கம்பி, அங்கிருந்து கேபிள் வயர், அங்கிருந்து பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர். கோட்டைவாசல் தாண்டி மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் சேட்டன் இன்று வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் நட்டதெல்லாம் தரையில் ஓடும் தண்டாம். செடி மிளகு வேண்டுமென்றால் காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைக்க வேண்டும். அது மேலே ஏறாது, புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். இது தெரியாமல் இரண்டு வருஷம் சாண உரம் போட்டிருக்கிறேன்.

கிளை ஐந்து கொடுத்துவிட்டுப் போனார். ஓடின கொடியைப் பிடுங்க மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு மதினி, "இருக்கட்டும், பாக்கப் பச்சையாத்தான இருக்கு" என்றாள்.

1 ஜூலை, திங்கள்

மாதம் பிறந்தால் கணக்கெடுப்பு ஆரம்பம். புளியரைப் பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கரண்ட் மீட்டரைப் பார்த்து எண்ணை எடுக்கிற வேலை. 1993-இல் சேர்ந்தேன், 31 வருஷம். இந்த வீடுகளுக்கு இது என் கடைசிச் சுற்று. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்திருக்கிறது, எப்படியோ.

ஆரம்பத்தில் எல்லாம் சக்கர மீட்டர். கண்ணாடிக்குள் தட்டு சுற்றும், விளிம்பில் ஒரு அடையாளம் வந்து வந்து போகும். சுற்றாமல் நின்றால் சந்தேகம், ரொம்ப வேகமாகச் சுற்றினால் சண்டை. எண் தெளிவாகத் தெரியக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், ஈரத் துணிக்கு வீட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டும். அந்த இரண்டு நிமிஷம்தான் என்னைக் கெடுத்தது. மீட்டர் பெட்டி இருக்கிற இடத்தில்தான் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்த சாமானை வைக்கிறார்கள். திண்ணையும் ரேழியும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் இல்லையா.

இன்று ஒரு வீட்டில் நின்றபோதுதான் உறைத்தது. புல்புல்தாராவை நான் முதலில் பார்த்தது அங்கேதான். வாள்பட்டறையில் மரம் அறுக்கிற அண்ணாச்சி வீடு. மீட்டருக்குக் கீழே ஆணியில் தொங்கும். டைப்ரைட்டர் மாதிரி கட்டை, அழுத்தினால் தந்தியில் சுரம். நாள் முழுக்க ரம்பச் சத்தம் கேட்ட காதுக்கு ராத்திரி அதுதான் மருந்து என்பார். வெள்ளை அட்டையில் யூனிட் எழுதுவதற்குள் நாலு வரி வாசித்துக் காட்டிவிடுவார். இப்போது அவர் இல்லை. வாத்தியமும் ஆணியில் இல்லை. மகன் ஒரு நூறு யூனிட் இலவசத்துக்குள் பில் வரும்படி பார்க்கச் சொல்லிச் சிரித்தான். மீட்டரைத்தான் கேட்கணும் என்றேன்.

7 ஜூலை, ஞாயிறு

பதிமூன்று கண் பாலத்தை வரையப் போனேன். புனலூர் பஸ்ஸில் ஏறி, ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இறங்கினால் ரோட்டோரத்திலேயே நிற்கிறது, கருங்கல் தூண், மேலே ரயில். 1904-இல் இந்த மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்றது. அகலப் பாதை போட்டு மறுபடி ஓட 2018 ஆனது. அந்த எட்டு வருஷம் ஊரில் மத்தியானத்துக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். என்ன என்று யோசித்தால் ஊதல் சத்தம்.

குடை ஒரு கை, பென்சில் ஒரு கை. முதல் தூணிலிருந்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். தாளின் விளிம்புக்கு வந்தபோது பன்னிரண்டு கண்தான் ஆகியிருந்தது. பதிமூன்றாவதுக்கு இடமில்லை. டீக்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

வண்டி வருமென்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வந்தபோது மழை, நோட்டு பைக்குள்.

13 ஜூலை, சனி

ஏத்தங்காய் வத்தல் போட்டேன். டீச்சரம்மா சொன்ன பக்குவம். ஆரியங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர், எனக்கு மலையாள எழுத்தும் சொல்லித் தருகிறார். காயை நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவ வேண்டும். பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் ஊற்ற வேண்டும். 11 கே.வி. லைனுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் வேலை பார்த்தவன் இதற்கு இரண்டடி தள்ளி நின்றேன். படபடவென்று பொங்கி அடங்கியது. கடைசியில் சத்தம் குறைந்து சலசலவென்று ஆனால் எடுத்துவிடலாம். காதால் சமைக்கிற பண்டம்.

இரண்டாவது ஈடு கருகல். முதல் ஈடு மட்டும் டீச்சரம்மாவுக்குப் போனது.

24 ஜூலை, புதன்

ரேடியோ. ராத்திரி திருநெல்வேலி நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸில், ஒரே கொரகொர. அதே நேரம் திருவனந்தபுரம் 1161-இலும் இருந்தது. அப்படியென்றால் கோளாறு நிலையத்தில் இல்லை, நம் தெருவில்.

வேலைக்கும் விளையாட்டுக்கும் வேலி போட வேண்டும் என்பார்கள். எனக்கு அது முடிந்ததில்லை. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டரில் கீறல் விழுந்தாலோ கம்பிக் கட்டு தளர்ந்தாலோ கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். முதலில் அழுவது ரேடியோதான். பெட்டிக்குள் இருக்கும் கறுப்புக் குச்சிதான் ஏரியல். பெட்டியைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும் குறையும். குறைகிற இடத்தில் குச்சியின் முனை கோளாறைக் காட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிள் கேரியரில் ரேடியோவை வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன், ராத்திரி பத்து மணிக்கு, சாரலில். நாய்கள் எல்லாம் கூடவே. பிள்ளையார் கோவில் முக்கில் மூன்றாவது கம்பத்துக்கு அடியில் உச்சம்.

காலையில் லைன்மேன் தம்பியிடம் சொன்னேன். ஏறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடிச்சீய?" என்றான். ரேடியோ கேட்டேன் என்றேன். நம்பவில்லை.

ரேடியோ பித்தும் ஒரு திண்ணையில் ஒட்டியதுதான். இலத்தூர்ப் பக்கம், பெரியவர் ஒருவர், சிலோன் ஒலிபரப்பை எழுதி எழுதி வைத்திருப்பார்.

31 ஜூலை, புதன்

மலையாளம் நாலு மாதமாகப் படிக்கிறேன். பஸ் போர்டுதான் பாடப் புத்தகம். நமக்குப் பாதி எழுத்து முகம் தெரிந்தவை. இடறுவது கடைசியில்தான். 'கொல்லம்' முடிவில் ம் கிடையாது, ஒரு சின்ன வட்டம். 'புனலூர்' முடிவில் புள்ளி வைத்த ர் கிடையாது, அதற்குத் தனியே ஒரு சில்லு எழுத்து. பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு ஊர்ப் பெயர் முடியும். டீச்சரம்மா, "சாரே, பஸ் போனா அடுத்த பஸ் வரும், எழுத்து போனா வராது" என்று மிரட்டுவார்.

இன்று பாடத்துக்குப் போனபோது பத்திரிகை திண்ணையில் விரித்துக் கிடந்தது. நேற்று விடியற்காலை வயநாட்டில் மலை சரிந்த செய்தி. தலைப்பை நான் நிறுத்தாமல் படித்துவிட்டேன். முண்டக்கை. சூரல்மலை. இரண்டு பெயரையும் எழுத்துக் கூட்டாமல். இப்படி ஒரு நாளில் வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. டீச்சரம்மா 'நன்னாயி' என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அவருடைய அண்ணன் மகள் கல்பற்றாவில் இருக்கிறாள், பத்திரம் என்று காலையில்தான் தகவல் வந்ததாம். அதற்கப்புறம் பாடம் நடக்கவில்லை. கட்டஞ்சாயா குடித்துவிட்டு வந்தேன்.

இங்கும் மலை தெரியாதபடி மேகம்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. குற்றாலத்தில் கூட்டம். கேரம் ஆட ஆள் இல்லை. தனியாகவே இரண்டு பக்கமும் ஆடினேன், தோற்றேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

குண்டாறு அணைப் பக்கம் ஆலமரம் பழுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவாச்சி பார்க்கப் போனேன். இறக்கைச் சத்தம் கேட்டது, பறவை தெரியவில்லை. ரயில் வருகிற மாதிரியான சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஈரக் கோணிப்பையை உதறுகிற மாதிரி கேட்டது. திரும்பும்போது குளத்தில் நீலத் தாழைக்கோழி ஏழு, இலைக்கோழி ஒரு ஜோடி, நாமக்கோழி எண்ணவில்லை. கூட வந்த இளைஞர்கள் மூன்று பேர் செல்போனில் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தார்கள். என்னுடைய மொத்த எண்ணிக்கை எத்தனை என்று கேட்டார்கள். அப்படி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே தெரியாது. ஒருத்தன் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். வருஷம் பூரா யூனிட் எண்ணுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை குருவியையும் எண்ணச் சொன்னால் எப்படி?

15 ஆகஸ்ட், வியாழன். விடியற்காலை

மூன்று நாளாக எரிகல் மழைக்காக மொட்டை மாடியில் படுக்கிறேன். ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் உதிர்த்த தூசி, ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி ஒவ்வொரு வருஷமும் பூமி அதற்குள் புகுந்து போகிறது. வானம் தெளிவாயிருக்கிற ஊர்க்காரர்களுக்குத்தான் அது. தென்மேற்குக் காற்றின் வாசலில் வீடு கட்டியவனுக்குத் தார்ப்பாய்தான் கிடைக்கும். மூன்று ராத்திரியில் கண்டது ஒரே ஒரு கோடு. அதுவும் கண்ணைத் தேய்த்ததில் வந்ததோ என்னவோ.

ஆனால் இன்று மூன்றரை மணிக்குக் கிழக்கே மேகம் ஒரு ஜமுக்காளம் அளவுக்கு விலகியது. உள்ளே வியாழனும் செவ்வாயும் ஒட்டினாற்போல் நின்றன. வெள்ளையாய்ப் பெரிசு ஒன்று, சிவப்பாய்ச் சின்னது ஒன்று, கொஞ்சம் தள்ளி ரோகிணி. பைனாகுலரில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள். ஓடிப்போய் வீட்டுக்காரியை எழுப்பினேன். போர்வையோடு வந்து பார்த்தாள். "ரெண்டும் இடிச்சுக்கிடாதுல்ல?" என்றாள். பல கோடி கிலோமீட்டர் இடைவெளி, நமக்குத்தான் பக்கம் பக்கமாகத் தெரிகிறது என்றேன். "நம்ம ரெண்டு பேரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

17 ஆகஸ்ட், சனி

மலையாளச் சிங்க மாதம் முதல் தேதி. கொல்லம் ஆண்டு 1200 பிறந்தது. புது நூற்றாண்டு இன்றா, 1201-இலா என்று டீச்சரம்மா வீட்டில் வாதம். நான் தாத்தாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்த் தாள், கொல்லம் 1107. 825-ஐக் கூட்டினால், ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவில் என்றால் 824-ஐக் கூட்டினால், இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தாத்தா இடம் மாறவே இல்லை, எல்லைதான் அவரைத் தாண்டிப் போனது.

கையெழுத்துப் பாதி புரிந்தது. எல்லை விவரத்தில் 'கிழக்கே புளிய மரம்' என்று வருகிறது. அந்த மரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

31 ஆகஸ்ட், சனி

மாலை, சால்வை, மோதிரம். எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். வேனில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார்கள். பென்ஷன் தாள்களில் ஒரு கையெழுத்து பாக்கி, அதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். கேசரி நன்றாக இருந்தது.

மகள் கட்டத்தை நிரப்பினீர்களா என்று கேட்டாள். 'பொழுதுபோக்கு (1)' என்ற கட்டத்தில் எழுத்தைச் சின்னதாக்கி எட்டையும் எழுதி அனுப்பினேன். விளிம்பில் இடம் போதாமல் கேரம் மட்டும் வெளியே நிற்கிறது.

3 செப்டம்பர், செவ்வாய்

1197-இல் மறுபடி கொரகொர. சைக்கிளோடு போனேன். இந்தத் தடவை ஐந்தாவது கம்பம்.

லைன்மேன் தம்பி லீவு. சரி, ஊரில் எல்லோரும் செய்வதைப் போலவே புகார் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மரியாதையான பெண் குரல். பெயர், ஊர், தெரு, கம்பம், கோளாறு எல்லாம் கட கடவென்று சொன்னேன்.

"உங்க இணைப்பு எண் சொல்லுங்க சார்."

புளியரையில் வாள்பட்டறை அண்ணாச்சி வீட்டு எண் வாயில் வந்தது. டீச்சரம்மா வீட்டு எண் வந்தது. பிள்ளையார் கோவில் எண் கூட வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டு அட்டை எங்கம்மா இருக்கு?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.