கையுறை போட்டால் போதுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது கையுறைதான். ஒருவரின் கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேகரிக்கும் பையைக் காலி செய்த அதே கையுறையோடு பக்கத்துக் கட்டிலின் டிரிப்ஸைச் சரிசெய்யப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கையுறை அடுத்த நோயாளியைக் காப்பாற்றாது. கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில், நோயாளியைத் தொட்ட பிறகு பெரும்பாலும் கழுவிவிடுகிறார்கள். தொடுவதற்கு முன்? அங்கேதான் விட்டுப்போகிறது. கட்டில் கம்பியையோ மானிட்டரையோ மட்டும் தொட்டாலும் கணக்குதான்.

சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் விரல்நுனியையும் மறக்கக் கூடாது. கையில் ரத்தமோ அழுக்கோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு என்றாலும் அப்படியே. அதன் வித்துகள் சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகாது.

சரி, இரவுப் பணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நர்ஸ் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. சானிடைசர் பாட்டில் வாசலில் மட்டும் இருந்தால் எப்படி? ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்புறம், நோயாளியோடு இருப்பவர்களே, "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.